விளக்கு எரியாத இடம்

"அத்தை, ஒன் தோள்ல செவப்பு வெளக்கு எரிஞ்சது அந்த அக்காவுக்குத் தெரியவே இல்லியா?"

கேட்டவளுக்கு வயது ஏழு. பெயர் கெசியா. பெரம்பூரில் அவளுடைய அப்பா வீட்டுக் கூடத்தில், அத்தை ஹெப்சிபா வலது தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று மதியம்தான் சென்னை டென்னிஸ் மைதானத்தில் இறுதி ஆட்டத்தை வென்று, மெல்போர்ன் பெரிய போட்டியில் ஆடும் இடத்தை வாங்கியிருந்தாள். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். பாளையங்கோட்டையிலிருந்து வந்த பெரியப்பா ஜெபம் செய்து முடித்து, பிரியாணிக்கு இலை போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தெரியாம இருக்குமா புள்ள? கடைசி வரிசையில இருந்தவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்" என்றாள் ஹெப்சிபா.

"பொறவு ஏன் எகிறுற பந்து அடிக்கவே இல்ல?"

"யாரு?"

"அந்த அக்காதான். மொதல்ல எல்லாமே எகிறுற பந்தா அடிச்சாங்க. நான் ஒவ்வொண்ணுக்கும் தலையத் தூக்கித் தூக்கிப் பாத்து கழுத்து வலிச்சுது. வெளக்கு செவப்பா ஆன பொறவு எனக்குக் கழுத்தே வலிக்கல."

எல்லாரும் சிரித்தார்கள். "ஆட்டத்தப் பாருன்னா இவ கழுத்தப் பாத்துட்டு வந்திருக்கா" என்றாள் அண்ணி. ஹெப்சிபாவும் சிரித்தாள். ஆனால் ஐஸ் பையின் கட்டைச் சரிசெய்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

விளையாட்டு வீரர்கள் உடம்பில் விளக்கு ஒட்டிக்கொண்டு ஆடத் தொடங்கி அப்போது சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் என்று எட்டு மூட்டுகளிலும் பிளாஸ்திரி போல ஒரு மெல்லிய பட்டை. உள்ளே தசைநார் படுகிற பாட்டை அது தோலுக்கு மேலிருந்தே அறிந்துகொள்ளும். நலமாக இருந்தால் பச்சை. களைத்தால் மஞ்சள். இன்னும் இழுத்தால் அறுந்துவிடும் என்றால் சிவப்பு. எத்தனையோ பிள்ளைகள் இருபது வயதில் தோளோ முட்டியோ போய், ராக்கெட்டைப் பரணில் ஏற்றிவிட்டு வேறு வேலைக்குப் போனதைப் பார்த்து மனம் நொந்தவர்கள் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஆடுகிறவருக்கு மட்டும் தெரிந்தால் மறைத்துக்கொண்டு ஆடுவார். எதிராளிக்குத் தெரியாவிட்டால் நடிப்பு என்று சண்டை வரும். அதனால் விளக்கு எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்று விதி செய்தார்கள்.

ஒன்றை மட்டும் அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. சிவப்பைக் கண்டதும் எதிராளி அந்த இடத்தையே குறிவைத்தார். முட்டியில் எரிந்தால் பந்தை முன்னும் பின்னும் போட்டு ஓடவிட்டார். தோளில் எரிந்தால் தலைக்கு மேல் எகிறும்படி அடித்தார். இதற்கென்றே பயிற்சி நடந்தது. ஹெப்சிபாவின் பயிற்சியாளர் சாரங்கன் நல்ல மனிதர்தான். தெருநாய்க்கு பிஸ்கட் வாங்கிப் போடாமல் மைதானத்துக்குள் வரமாட்டார். அவரும் சொல்வார்: "சிவப்பு எரியுதா, வேற எங்கயும் பாக்காதேம்மா."

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்ததும் ஹெப்சிபா முந்தின நாள் ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்தாள்.

எதிரே ஆடியவள் பூங்கோதை, பொள்ளாச்சிக்காரி. அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே எகிறும் பந்துதான். கீழிருந்து மேலாக இழுத்து அடிப்பாள். பந்து தரையைத் தொட்டதும் பாம்பு தலை தூக்குவது மாதிரி காதுக்கு மேல் எழும்பும். ஹெப்சிபா குள்ளம். அந்தப் பந்துக்குக் கையைத் தூக்கித் தூக்கித்தான் தோள் முதலில் மஞ்சளாகி, இரண்டாவது செட்டில் சிவப்பானது. அதற்குப் பிறகு பூங்கோதை அடித்த பந்துகள் எல்லாம் தரையோடு தரையாக வந்தன. ஓரிடத்தில் ராக்கெட் பழக்கத்தில் கீழே இறங்கி, மேலே இழுக்கப் போய், கடைசி நொடியில் மணிக்கட்டு திரும்பி, பந்தைத் தட்டையாகத் தள்ளியது. அது வலையில் விழுந்தது. வர்ணனையாளர்கள், "பூங்கோதையின் கை தடுமாறுகிறது" என்றார்கள். கூட்டம் ஹெப்சிபாவுக்காகக் கைதட்டியது.

பதிவைப் பின்னால் ஓட்டி, அந்த ஓர் அடியை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தாள். தான் ஜெயித்துவிட்டதாக நேற்று இரவு ஆண்டவருக்குச் சொன்ன நன்றியில் ஒரு பெயர் விட்டுப்போயிருந்தது.

தோளைக் காட்ட டாக்டர் ரஹீமாவிடம் போனாள். அந்த விளக்கைச் செய்த குழுவில் ஒருவர் அவர். தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அல்லாதான் காப்பாத்தியிருக்கார்" என்றார். "சிவப்புக்கு அப்புறம் ஒரு செட்டுக்கு மேல ஆடியிருக்கீங்க. ஆனா நார் அறுந்து போகல. அந்தப் பொண்ணு வழக்கமா அடிக்கிற மாதிரி அடிச்சிருந்தா இந்நேரம் ஆபரேஷன் தியேட்டர்ல இருப்பீங்க. மெல்போர்னும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு வருஷம் போயிருக்கும். இந்த வயசுல ஒரு வருஷம் போனா திரும்பி வர்றவங்க கம்மி."

"டாக்டர், விளக்கு நல்லதுக்குத்தான செஞ்சீங்க?"

ரஹீமா கட்டுத் துணியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. "முதல் பட்டையை நான் ஒட்டினது டென்னிஸ் ஆடறவங்களுக்கு இல்லம்மா. துறைமுகத்துல மூட்டை தூக்கறவர் ஒருத்தர் முட்டியில. சிவப்பு வந்தா உக்கார வெப்பாங்க, தண்ணி குடுப்பாங்கன்னு நெனச்சேன். மேஸ்திரி என்ன பண்ணினார் தெரியுமா? சிவப்பு எரியறவங்களை வேலைக்கு வேணாம்னு வாசல்லயே திருப்பி அனுப்பினார். மறுநாள்லேருந்து எல்லாரும் முட்டியில துண்டைக் கட்டிட்டு வர ஆரம்பிச்சாங்க." கட்டின் முனையைச் செருகினார். "வலி எங்க இருக்குன்னு என் பட்டை சொல்லிடும். பாக்கிறவங்க என்ன செய்யணும்னு அதுக்குச் சொல்லத் தெரியாது."

சிவப்பைப் பார்த்த பிறகு பூங்கோதை வேண்டுமென்றே அங்கே அடிக்காததைச் சொல்ல ஹெப்சிபா வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். பூங்கோதையிடம் கேட்காமல் அதை வெளியே சொல்லக் கூடாது என்று தோன்றியது.

அடுத்த மாதம் பெங்களூருவில் ஒரு போட்டி. மைதானத்து கேன்டீனில் பூங்கோதை தனியாக உட்கார்ந்து, எவர்சில்வர் டப்பாவிலிருந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பூங்கோதை யாரையும் 'நீ' என்று கூப்பிட்டு ஹெப்சிபா கேட்டதில்லை. நடுவர் முதல் பந்து பொறுக்கும் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் 'ங்க'தான். ஆட்டத்தில் கோட்டுக்கு வெளியே போகும் பந்தைக்கூட, "போங்க, போங்க, அப்படியே போயிருங்க" என்றுதான் விரட்டுவாள்.

"உக்காருங்க ஹெப்சி. தோளு எப்படீங்க இருக்குது?"

"நல்லாருக்கு. ஏன் நல்லாருக்குன்னுதான் கேக்க வந்தேன்" என்றாள் ஹெப்சிபா. "சென்னையில ஏன் எகிறுற பந்த விட்டீங்க?"

பூங்கோதை அக்கம்பக்கம் பார்த்தாள். "யாருங்க சொன்னா?"

"எங்க அண்ணன் மவ. ஏழு வயசு."

"அடக் கடவுளே! அத்தன பெரிய மனுசங்க பாத்தாங்க, ஒருத்தருக்கும் தெரியல. இந்தப் பொடுசு கண்டுபுடிச்சிருச்சா?" பூங்கோதை சிரித்த சிரிப்பில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. அவள் சிரிப்பு அப்படி. வயிற்றிலிருந்து கிளம்பி, தோள் குலுங்கி, கண்ணில் நீர் வந்த பிறகுதான் நிற்கும்.

"சிரிக்காதீங்க. சொல்லுங்க."

பூங்கோதை டப்பாவை மூடினாள். "உங்களத் தோக்கடிக்கணும்னுதானுங்க வந்தேன். ஒடைக்கறதுக்கு வரலீங்க. அங்க செவச்செவன்னு எரியுது, அதப் பாத்துட்டே அங்க அடிக்க எனக்கு ஆகலீங்க. அவ்வளவுதான்."

"அதனால தோத்துட்டீங்களே!"

"அதெப்படி? மத்த எடமெல்லாம் எனக்குத் தொறந்துதானே கெடந்துச்சு? அங்கெல்லாம் உசுரக் குடுத்துத்தான் அடிச்சேன். பத்தல. உங்க லாப்பு அப்படீங்க. நான் நெட்டுக்கு ஓடி வந்தா, அது என்ற தலைக்கு மேல போயி வானத்துல கொஞ்ச நேரம் உக்காந்து, காத்து வாங்கிட்டு எறங்குது." மறுபடி சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளிய சொல்லிராதீங்க. முழு முயற்சி எடுக்கலைன்னு கமிட்டியில கூப்புட்டு வெசாரிப்பாங்க. எங்க கோச்சுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சு உப்புக்கண்டம் போட்ருவாரு" என்றாள்.

"நான் ஒங்களுக்குக் கடன்பட்டுருக்கேன், பூங்கோதை."

"கடனா? ஒரு வாய் தயிர்சாதம் சாப்புடுங்க. சரியாப் போச்சு."

ஹெப்சிபா சாப்பிட்டாள். ஊறுகாயும் தொட்டுக்கொண்டாள். ஆனால் சரியாகப் போகவில்லை.

மெல்போர்னிலிருந்து திரும்பியதும் அவள் ஊர் அல்வாவைப் பெரிய டின்னில் பொள்ளாச்சிக்கு அனுப்பினாள். பதிலுக்குப் பெரம்பூர் வீட்டுக்குச் சாக்கு நிறையத் தேங்காய் வந்து இறங்கியது. தெருவில் எல்லார் வீட்டுக்கும் கொடுத்தும் மிச்சம். பிறகு ஒரு முறை பூங்கோதையின் மணிக்கட்டு விளக்கைக் குறிவைத்து ஒருத்தி அடித்து அடித்து நாரை அறுத்துவிட்டபோது, ஹெப்சிபா டாக்டர் ரஹீமாவிடம் சொல்லி, பக்கத்தில் இருந்து சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தாள். இதோடு தீர்ந்தது என்று நினைத்தாள். கட்டுப் பிரித்த வாரமே பூங்கோதை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, கெசியாவுக்குப் பட்டுப் பாவாடையும், வீட்டுக்கு ஒரு கூடை மஞ்சளும், ஹெப்சிபாவின் தோளுக்கென்று தைலமும் கொடுத்துவிட்டுப் போனாள். இவள் ஒன்று செய்தால் அவள் இரண்டாகத் திருப்பினாள். பூங்கோதைக்குத் தெரியும்படி எதைக் கொடுத்தும் அந்தக் கடனைத் தீர்க்க முடியாது என்பது ஹெப்சிபாவுக்குப் போகப்போகப் புரிந்தது.

ஆண்டுகள் ஓடின. தோள் தப்பியதால் ஹெப்சிபா உலகம் சுற்றி ஆடினாள். பெரிய கோப்பை எதையும் வாங்கவில்லை. ஆனால் பெரிய மைதானங்கள் எல்லாவற்றிலும் நின்றாள். சிவப்பு எரிந்த இடத்தில் அவள் ஒருபோதும் அடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பல நாள் அடிக்காமல் இருந்தாள். சில நாள் தோல்வி பக்கத்தில் வந்து நின்றபோது அடித்தாள். அந்த நாட்களில் ஜெபிக்க முழங்காலில் நின்றால் வார்த்தை வராது. சும்மா நின்றுவிட்டு எழுந்துகொள்வாள்.

பூங்கோதைக்கு மணிக்கட்டு சரியானதும் முட்டி போயிற்று. முட்டி சரியானதும் மறுபடி மணிக்கட்டு. சின்ன ஊர்ப் போட்டிகளில் ஆடி மேலே ஏறுவாள். ஏறி முடிக்கும்போது ஏதாவது ஒரு விளக்கு சிவக்கும். எதிரே நிற்கிறவர்கள் எல்லாரும் பூங்கோதை இல்லையே. ஆனாலும் சிரிப்பு மட்டும் குறையவில்லை. "ஒரே ஒருக்கா அந்த மெல்போர்ன் நீலத் தரையில நின்னு பாத்தரோணுமுங்க" என்பாள். "மொத ரவுண்டுல தோத்தாச் சரி. எங்கப்பா டிவியில பாத்துட்டு, என்ற புள்ளைங்கன்னு நாலு பேருகிட்டச் சொல்லோணும்."

இடையில் ஹெப்சிபாவுக்கும் ஒரு காயம் வந்தது. புனேயில் ஆடும்போது அடிவயிற்றுத் தசை கிழிந்துவிட்டது. எட்டு விளக்கும் பச்சையாகவே எரிந்தன. அவள் குனிய முடியாமல் நின்றபோது கூட்டம், "நடிக்காதே" என்று கூச்சல் போட்டது.

"விளக்கு மூட்டுகளைத்தான் பாக்கும்மா" என்றார் ரஹீமா. "வயிறு மூச்சுக்கு மூச்சு அசையற எடம். அங்க ஒட்டினா கண்டபடி எரியும்னு விட்டுட்டோம். தலைக்கு மேல கையை வீசி அடிக்காத வரைக்கும் ஓரளவுக்குத் தாங்கும். எட்டி அடிச்சா ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கிழியும்."

"எதுக்கெல்லாம் வலிக்கும்?"

"இருமினா வலிக்கும். சிரிச்சா உயிரே போகும்."

அந்த ஒரு மாதம் கெசியா அத்தையிடம் ஜோக் சொல்லாமல் இருக்கப் பட்டபாடு பெரும்பாடு.

அதன் பிறகு சில ஆண்டுகள் கழித்து, ஒரு டிசம்பர். அதே சென்னை மைதானம், அதே இறுதி ஆட்டம். வெல்கிறவருக்கு மெல்போர்னில் இடம். வலைக்கு இந்தப் பக்கம் முப்பத்தைந்தைத் தொடும் ஹெப்சிபா. அந்தப் பக்கம் பூங்கோதை. இரண்டு பேருக்குமே இது கடைசி என்று எல்லாருக்கும் தெரியும். ஹெப்சிபாவுக்கு ரஹீமா வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: "தோள் இந்த சீசன் வரைக்கும்தான்மா. மெல்போர்ன் கிடைச்சா அங்க ஆடிட்டு, கை அசைச்சிட்டு வந்துருங்க." ஹெப்சிபா அதைத்தான் கேட்டு ஜெபித்திருந்தாள். பெரிய மைதானத்தில் ஒரு கடைசி ஆட்டம். கையசைத்து விடைபெற வேண்டும்.

ஆட்டத்துக்கு முன்னால் இருவரும் பந்து தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சாரங்கன் ஓரத்தில் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. "ரெண்டு பாட்டியும் மெதுவா ஆடுங்கம்மா. ஆம்புலன்ஸ்காரன் இப்பதான் டீ குடிக்கப் போயிருக்கான்" என்றார்.

ஹெப்சிபா சிரித்தாள். வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டிய பெரிய சிரிப்புக்காகக் காத்தாள்.

வரவில்லை.

பூங்கோதை உதட்டை இறுக மூடிக்கொண்டு புன்னகைத்தாள். இடது கை வயிற்றுக்குப் போய், உடனே விலகியது. கண்ணோரம் நீர் மின்னியது. அது சிரிப்பால் வந்த நீர் இல்லை.

ஹெப்சிபா அதற்குப் பிறகு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே கிடந்த பந்தை எடுக்க பூங்கோதை இடுப்பை வளைக்கவில்லை. முட்டியை மடக்கி உட்கார்ந்து எடுத்தாள். சர்வீஸுக்குப் பந்தை மேலே போடும்போது, வழக்கத்தைவிடத் தாழ்வாகப் போட்டுத் தள்ளினாள். உடம்பில் எட்டு விளக்கும் பச்சை. நடுவர் பார்த்தார், மைதான டாக்டர் பார்த்தார், கூட்டம் பார்த்தது. எல்லாம் பச்சை.

ஆட்டம் தொடங்கியது. பூங்கோதைக்கு நீண்ட நேரம் ஓடி ஆட முடியவில்லை என்பது தெரிந்தது. அதனால் அடித்துவிட்டு உடனே வலைக்கு ஓடி வந்தாள். பந்தைச் சின்னச் சின்னதாக இரண்டு பக்கமும் தட்டிப் புள்ளியை முடித்தாள். வலையோடு ஒட்டி நின்றாள். அவள் தலைக்கு மேல் வானம் முழுவதும் காலி.

ஹெப்சிபாவின் லாப்புக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. குள்ளப் பெண்ணாக அவள் டென்னிஸுக்கு வந்தபோது, வலைக்கு ஏறி வருகிறவர்களைச் சமாளிக்க அவளுக்கு இருந்த ஒரே வழி அது. பாளையங்கோட்டைப் பள்ளி மைதானத்தில் விடிகாலைதோறும் போட்டுப் போட்டுப் பழகியது. பந்தை அடியில் ஏந்தி மேலே அனுப்பினால் போதும். பூங்கோதை பின்னால் சாய்ந்து, கையைத் தலைக்கு மேல் நீட்டி, எட்டி அடித்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் உள்ளே இன்னும் கொஞ்சம் கிழியும். நாலைந்து லாப் போதும். விளக்கு எரியாது. யாரும் குற்றம் சொல்ல முடியாது. கழுத்து வலிக்கிறது என்று சொல்ல எந்தக் குழந்தையும் இல்லை.

அவள் பந்தை பூங்கோதையின் வலப்பக்கத்து ஓரமாக அடித்தாள். அடுத்ததை இடப்பக்கம். அடுத்ததை நேராகக் காலடிக்கு. மேலே ஒன்றும் அனுப்பவில்லை.

முதல் செட் போயிற்று. இரண்டாவது செட்டில் ஹெப்சிபா தன் உடம்பில் இருந்ததை எல்லாம் எடுத்து ஆடினாள். இரண்டு ஓரங்களிலும் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பந்து பறந்தது. அந்த செட்டை வென்றாள். கூட்டம் எழுந்து நின்றது.

இடைவேளையில் சாரங்கன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தார். "என்னம்மா ஆச்சு உனக்கு? அவ நெட்டுலயே குடியிருக்கா. லாப் போடேன்!"

"காத்து சரியில்ல சார்."

சாரங்கன் கம்பத்தைப் பார்த்தார். கொடி துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. "காத்தா? எங்க அடிக்குது?"

"மேல அடிக்கி" என்றாள் ஹெப்சிபா, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அவர் தண்ணீர்ப் பாட்டிலை அவள் கையில் கொடுத்தார். வயதானால் கைக்குள் இருந்த வித்தை போய்விடும் என்பதை அவர் பல பேரிடம் பார்த்திருக்கிறார். அதை ஒத்துக்கொள்ள ஆளுக்கு ஒரு காரணம் வேண்டும். காற்று நல்ல காரணம்தான்.

மூன்றாவது செட் கடைசி வரை சமமாகப் போயிற்று. ஒரு கட்டத்தில் ஹெப்சிபாவுக்கு வெற்றிப் புள்ளியே வந்தது. இன்னும் ஒரே பந்து. பூங்கோதை அடித்துவிட்டு முன்னால் ஓடி வந்தாள்; கால் கொஞ்சம் தடுமாறி வலைக்கு அருகே நின்றாள். பந்து ஹெப்சிபாவிடம் மெதுவாக, இதமாக எழும்பி வந்தது. யோசிப்பதற்கு முன்பே அவள் கை பந்துக்கு அடியில் போய்விட்டது. ராக்கெட்டின் முகம் வானத்தைப் பார்த்துத் திறந்துவிட்டது. மெல்போர்ன், கடைசி ஆட்டம், கையசைப்பு எல்லாம் அந்த ஒரு பந்துக்குள் இருந்தன.

ஆண்டவரே, இது எனக்கு வேண்டாம்.

மணிக்கட்டைத் திருப்பினாள். பந்தை ஓரக் கோட்டை நோக்கி நேராக, தன்னால் முடிந்த வேகத்தில் அடித்தாள். நல்ல அடிதான். பந்து வலையின் மேல் விளிம்பைத் தொட்டு, ஒரு கணம் அங்கேயே நின்று, அவள் பக்கமே விழுந்தது.

அதற்குப் பிறகு ஹெப்சிபாவுக்கு வெற்றிப் புள்ளி வரவில்லை. சற்று நேரத்தில் எல்லாம் முடிந்தது. பூங்கோதை வென்றாள்.

வலைக்கு நடுவில் இருவரும் கட்டிக்கொண்டார்கள். ஹெப்சிபா அவளைத் தோளோடு மட்டும், பூவைத் தொடுவது மாதிரி அணைத்தாள்.

"உங்க லாப்பு எங்கீங்க போச்சு?" என்றாள் பூங்கோதை. முகமெல்லாம் பூரித்திருந்தது.

"வயசாயிட்டுல்லா."

"அதத்தானுங்க நான் மொத செட்டுலயே கண்டுபுடிச்சேன்! ரெண்டு மூணு தடவ நெட்டுக்கு வந்து பாத்தேன். லாப்பக் காணோம். சரி, இவங்களுக்கு அது மறந்து போச்சு, இனி பயமில்லைன்னு வந்துட்டே இருந்தேன். எப்படீங்க என்ற மூளை?"

"பயங்கர மூளை" என்றாள் ஹெப்சிபா.

"எங்கப்பா இப்ப டிவி முன்னால உக்காந்து அழுதுட்டு இருப்பாருங்க." அவள் சிரிக்கப் போனாள். சட்டென்று நிறுத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மெதுவா" என்றாள் ஹெப்சிபா. "மெல்போர்னுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. போன உடனே டாக்டர் ரஹீமாவ ஒருக்க பாத்துட்டு, நல்லா ரெஸ்ட் எடுங்க. அதுக்குள்ள எல்லாம் சரியாயிரும்."

"என்னது சரியாயிரும்?"

"களைப்புதான். எனக்கும் இருக்குல்லா."

பரிசளிப்புக்கு மேடை போட்டுக்கொண்டிருந்தார்கள். வர்ணனையாளர் ஒருவர், ஹெப்சிபாவின் புகழ்பெற்ற லாப் அவளுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது என்று மைக்கில் சொன்னார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஹெப்சிபா உடை மாற்றும் அறைக்குப் போய் எட்டுப் பட்டைகளையும் உரித்தெடுத்து, அதற்கென்று வைத்திருந்த தட்டில் போட்டாள். தோளில் ஒட்டியிருந்தது மட்டும் இன்னும் மஞ்சளாக மினுங்கிக்கொண்டிருந்தது.

ஃபோன் அடித்தது. கெசியா. வேலூரில் நர்சிங் படிக்கிறாள்.

"அத்தை, மன்னிச்சிரு. பாக்கவே முடியல. காலையில இருந்து வார்டுலதான் இருக்கேன். தோத்துட்டியாமே?"

"ஆமா புள்ள."

"வெளக்கு செவப்பா எரிஞ்சுதா?"

"யாருக்கும் எரியல."

"அப்போ நல்ல மேட்ச்சுதான்."

"நல்ல மேட்ச்சுதான்" என்றாள் ஹெப்சிபா. "நீ சாப்டியா?"

ஃபோனை வைத்துவிட்டு, ராக்கெட்டையும் ஒரே ஒரு பந்தையும் எடுத்துக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாக வெளியே வந்தாள். அங்கே பயிற்சி மைதானம் காலியாகக் கிடந்தது. எல்லாரும் மேடைப் பக்கம் போயிருந்தார்கள். வெயில் இறங்கி, வலையின் நிழல் தரையில் நீண்டு கிடந்தது. தூரத்தில் பூங்கோதையின் பெயரைச் சொல்லிக் கைதட்டும் சத்தம் கேட்டது.

ஹெப்சிபா பின்கோட்டில் நின்று பந்தைத் தரையில் ஒரு முறை தட்டினாள். அது எழும்பி வந்தபோது அடியில் ஏந்தி மேலே அனுப்பினாள்.

பந்து ஏறியது. மரங்களுக்கு மேலே, மஞ்சள் வெயில் இன்னும் மிச்சமிருந்த உயரத்துக்குப் போய், அங்கே சற்று நேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு எவ்வித அவசரமும் இல்லாமல் இறங்கி வந்து, எதிர்ப்பக்கத்தின் கடைசிக் கோட்டின் மேல் சரியாக விழுந்தது.

எடுத்துப் போட அங்கே யாரும் இல்லை. அவளே நடந்து போய்ப் பந்தை எடுத்துக்கொண்டாள்.